மாசிக் காலையில் முருங்கை மரத்தடி: வீட்டுக்குப் பின்னால் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

மாசி மாதம், விடியற்காலை ஆறு மணி. காட்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் சரியாக வெளுக்கவில்லை. வேலூர்ப் பக்கம் இந்த மாதத்தில் சூரியன் எழ ஆறரை ஆகிவிடும். முருங்கை மரம் வெறும் நிழலாக நிற்கிறது, கிணற்றடியில் துவைக்கிற கல் பனியில் நனைந்து கிடக்கிறது, ஒரு பறவையும் கண்ணில் படவில்லை. ஆனால் காது கொடுத்தால் தோட்டம் எப்போதோ எழுந்துவிட்டது என்று தெரியும். மின்கம்பியில் ஒரு இரட்டைவால் குருவி, பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு குண்டுக்கரிச்சான், தள்ளி எங்கோ மாமரத்தில் ஒரு குயில். இந்த மூன்றும் இருட்டு விலகும் முன்பே தொடங்கிவிடும். காக்கா எல்லாம் அப்புறம்தான்.

பறவை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்டால், முதலில் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன். பறவை பார்ப்பது என்றாலே வேடந்தாங்கல், தொலைநோக்கி, பெரிய கேமரா என்று பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, ஒரு துளி தண்ணீர் இருந்தால் போதும். மாடி வீட்டில் இருக்கிறவர்களுக்கு மொட்டை மாடியும் எதிர் வீட்டு வேப்ப மரமும் போதும்.

எங்கள் வட ஆற்காட்டில் கொல்லை என்றால் கடலையும் கேழ்வரகும் போடுகிற மேட்டு நிலம். அதனால் 'கொல்லைப்புறப் பறவைகள்' என்று எழுதினால் இங்கே பாதிப் பேர் வயலுக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் தோட்டம் என்று சொல்லும்போது, வீட்டுச் சுவரை ஒட்டின அந்த நாலு சென்ட் இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் தோட்டத்தில் பறவை பார்ப்பதற்கும் ஏரிக்கோ காட்டுக்கோ போய்ப் பார்ப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காட்டுக்குப் போகும்போது நீங்கள் நகர்கிறீர்கள், ஒவ்வொரு நாளும் இடம் புதிது. தோட்டத்தில் நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். அதே மரம், அதே சுவர், அதே நேரம். எல்லாம் அப்படியே இருப்பதால் ஒன்று மாறினால் உடனே தெரிந்துவிடும். நேற்று இல்லாத ஒரு சத்தம் இன்றைக்குக் கேட்கும். போன வாரம் மூன்று இருந்தது இந்த வாரம் ஒன்றுகூட இருக்காது. அந்த மாற்றத்தைக் கவனிப்பதுதான் இந்த வேலையின் சாரம். பெயர் தெரிந்துகொள்வது அதற்கு உதவி செய்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஏன் குறிப்பாக மாசி? பழைய கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ஆனால் பறவைகளைப் பொறுத்தவரை வேனில் மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. இரவில் போர்வை வேண்டும், காலை பத்து மணிக்குப் பாறை மலைகள் சுட ஆரம்பித்துவிடும், இலவ மரம் இலை உதிர்த்துவிட்டுப் பூவாக நிற்கும். இந்தச் சில வாரங்களில் மட்டும் தோட்டத்தில் மூன்று விதமான பறவைகள் ஒன்றாக இருக்கின்றன. வருஷம் முழுக்க இங்கேயே இருப்பவை. இங்கேயே இருந்தும் குளிர் மாதங்களில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது திடீரென்று பாட ஆரம்பிப்பவை. குளிருக்காக வடக்கிலிருந்து வந்து, இன்னும் சில வாரங்களில் கிளம்பப்போகிறவை. சித்திரை வெயிலில் தொடங்கினால் மூன்றாவது கூட்டத்தில் பெரும்பாலானவற்றைப் பார்க்க முடியாது. மார்கழியில் தொடங்கினால் இரண்டாவது கூட்டத்தின் பாட்டு கிடைக்காது.

முதலில் காதில் இருந்து தொடங்குவோம். வெளிச்சம் வராத நேரத்தில் அதுதான் வேலை செய்யும்.

விடியலில் பறவைகள் ஏன் இவ்வளவு சத்தம் போடுகின்றன என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சொல்கிறார்கள். அந்த மங்கலில் பூச்சி பிடிக்கக் கண் தெரியாது, ஆகவே அந்த நேரத்தைப் பாட்டுக்குச் செலவழிக்கலாம். காற்று அசையாமல் இருக்கும், வண்டிச் சத்தம் குறைவு, குரல் தெளிவாகப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இரவு கடந்தும் நான் இங்கேதான் இருக்கிறேன், இந்த இடம் என்னுடையது' என்று பக்கத்து ஆணுக்கும், துணை தேடும் பெண்ணுக்கும் சொல்லியாக வேண்டும். ஆக, நாம் பாட்டு என்று ரசிப்பதில் பெரும்பகுதி எல்லைக்கல் நடுகிற வேலை.

குண்டுக்கரிச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் வெள்ளையுமாக, மைனாவைவிடச் சற்றுச் சிறிதாக, வாலைத் தூக்கித் தூக்கி நடக்கும் பறவை. ஆண் பளபளக்கும் கறுப்பு, பெண் சாம்பல். வண்ணாத்திக் குருவி என்றும் சொல்வார்கள். பெயரைப் பார்த்துக் கரிச்சானின் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள், இரட்டைவால் குருவியான கரிச்சான் வேறு குடும்பம். ஐப்பசி கார்த்திகையில் இது தரையில் புழு பொறுக்கிக்கொண்டு, 'ஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சீறலோடு போய்விடும். மாசி பாதியில் அதே பறவை தொலைக்காட்சிக் கம்பியின் உச்சியில் ஏறி, நீளமாக, விதவிதமாக, ஒரு வரியை முடித்துவிட்டு வேறு வரிக்குத் தாவிப் பாடும். மற்றப் பறவைகளின் குரலையும் நடுவில் சேர்த்துக்கொள்ளும். கூடு கட்டும் காலம் நெருங்கிவிட்டது என்பதற்கு எங்கள் தெருவில் முதல் அறிவிப்பு இதுதான். சுவர்ப் பொந்து, மரப் பொந்து, சில நேரம் பழைய குழாய் என்று எதிலும் கூடு வைக்கும்.

குயில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் 'கூ... ஊ' என்று ஏறிக்கொண்டே போகிற அந்தக் குரல் ஆண் குயிலுடையது என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். ஆண் முழுக் கறுப்பு, கண் ரத்தச் சிவப்பு, அலகு வெளிர் பச்சை. பெண் பழுப்பு நிறத்தில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அது கூவாது, 'கிக் கிக் கிக்' என்று அவசரமாகக் கத்திக்கொண்டு பறக்கும். இந்த இரண்டையும் வேறு வேறு பறவை என்று நினைத்துக்கொண்டு பல வருஷம் பார்த்தவர்கள் உண்டு. குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும். காகம் பங்குனி சித்திரையில் சுள்ளி சேர்க்கத் தொடங்கும், அதற்கு முன்பே குயில் குரல் எடுத்துவிடுகிறது. அடுத்த முறை காகமும் குயிலும் ஒன்றை ஒன்று துரத்துவதைப் பார்த்தால் எதற்கான சண்டை என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு குரல் உண்டு. அதைக் கேட்காத வேலூர்க்காரர் இருக்க முடியாது, ஆனால் பறவை என்று தெரியாமல் கேட்டிருப்பார்கள். 'டுங் டுங் டுங் டுங்' என்று, தூரத்தில் யாரோ செம்புப் பாத்திரத்தைச் சின்னச் சுத்தியால் தட்டுகிற மாதிரி, நிற்காமல், ஒரே தாளத்தில். செம்மார்புக் குக்குறுவான். நிமிடத்துக்கு நூறு தட்டலுக்கு மேல் போகும். மழை குளிர் மாதங்களில் இது அநேகமாக ஊமை. வெயில் ஏற ஏறத்தான் தட்டல் கூடும்.

இந்தக் குக்குறுவானைக் கிட்டத்தில் பார்க்க மாசிக் காலைதான் சரியான நேரம். சூரியன் எழுந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில், மரத்தின் உச்சியில் இலை இல்லாத பட்ட கிளையில் வந்து உட்கார்ந்து வெயில் காயும். எங்கள் எதிர் வீட்டு வேம்பில் அப்படி ஒரு கிளை இருக்கிறது. போன வருஷம் மயானக் கொள்ளை முடிந்த வாரம், மேளச் சத்தமெல்லாம் ஓய்ந்த ஒரு காலையில், மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். என் கண்ணுக்கு நேராக, இருபது அடிதான் இருக்கும். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய, கழுத்தில்லாத, உருண்டையான உடம்பு. இலைப்பச்சை முதுகு. நெற்றியில் ஒரு சிவப்பு, மார்பில் ஒரு சிவப்பு, கண்ணைச் சுற்றியும் தொண்டையிலும் மஞ்சள். அலகைச் சுற்றி மீசை மாதிரி முடி. அது தட்ட ஆரம்பித்தது. அலகு திறக்கவே இல்லை. ஒவ்வொரு 'டுங்'குக்கும் தொண்டையின் இரண்டு பக்கமும் தோல் பலூன் போல உப்பி அடங்கியது, தலை ஒரு அசைவு அசைந்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தட்டியதால், அதே பறவையின் சத்தம் ஒரு முறை பக்கத்தில் கேட்டது, ஒரு முறை தூரத்தில் கேட்டது. ஏன் அத்தனை வருஷமும் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

காதுக்கு இந்த மூன்று போதும், முதல் வாரத்தில். நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வெளிச்சம் வந்ததும் எல்லோரும் செய்கிற தவறு, நிறத்தைப் பிடித்துக்கொள்வது. 'பச்சையாக ஒரு குருவி' என்று வந்து சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. காலை வெயிலில், எதிர் வெளிச்சத்தில், எல்லாப் பறவையும் கறுப்புதான். அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். எவ்வளவு பெரிது? எங்கே இருந்தது? என்ன செய்தது?

அளவுக்கு நம்மிடமே அளவுகோல் இருக்கிறது. சிட்டுக்குருவி, மைனா, காகம். எந்தப் புதுப் பறவையையும் இந்த மூன்றோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். சிட்டுக்குருவியைவிடச் சிறிது, மைனாவுக்குச் சமம், காகத்தைவிடக் கொஞ்சம் குறைவு, இப்படி. காகத்திலேயே இரண்டு இருப்பதையும் கவனியுங்கள். கழுத்து சாம்பலாக இருப்பது ஊர்க்காகம். முழுக் கறுப்பாக, கனமான அலகோடு, கரகரத்த குரலில் கத்துவது அண்டங்காக்கை. மதியச் சாப்பாட்டுக்கு முன் சுவர்மேல் ஒரு கை சோறு வைக்கிற பழக்கம் உள்ள வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

எங்கே இருந்தது என்பது இன்னும் பெரிய துப்பு. ஒரு தோட்டத்துக்குள்ளேயே தளம் தளமாகக் குடியிருப்பு உண்டு. தரையில் காய்ந்த இலையைப் புரட்டிக்கொண்டு ஆறேழு பறவை கூட்டமாகத் தத்தித் திரிந்தால் தவிட்டுக்குருவிகள். வெளிறின கண், எப்போதும் ஏதோ வாக்குவாதம் செய்வது போன்ற குரல், ஒன்று பறந்தால் எல்லாமே பின்னாலேயே போகும். ஒன்று மட்டும் மேலே உட்கார்ந்து காவல் பார்ப்பதையும் காணலாம். முற்றத்தில் தானியம் பொறுக்குபவை புறாக்கள். கழுத்தின் பின்புறம் கறுப்பில் வெள்ளைப் புள்ளி சதுரங்கம் போல இருந்தால் புள்ளிப்புறா, அதைவிடச் சிறிதாக, தொண்டையில் செம்புள்ளிகளோடு இருந்தால் சின்னத் தவிட்டுப்புறா. வேலூரின் வறண்ட நிலத்துக்கு இரண்டாவது மிகவும் பழகின பறவை. புதருக்குள் புகுந்து புகுந்து வருவது தையல்சிட்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, வால் மட்டும் குத்திட்டு நிற்கும், குரலோ தெருமுனை வரை கேட்கும். நடுக்கிளையில் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக ஜோடியாக இருப்பது கொண்டைக்குருவி, புத்தகங்களில் சின்னான். கம்பியில் தனியாக உட்கார்ந்து, பறந்து போய் ஒரு பூச்சியைக் கவ்வி, அதே இடத்துக்கே திரும்பி வந்தால் கரிச்சான், அல்லது பச்சை நிறமாக, வால் நடுவில் கம்பி நீட்டிக்கொண்டு இருந்தால் பஞ்சுருட்டான். எல்லாவற்றுக்கும் மேலே, பனை மரங்களைச் சுற்றி அரிவாள் வடிவத்தில் ஓயாமல் சுற்றுவது பனை உழவாரன். வட்டமடிப்பது பருந்து.

இடம், அளவு, செயல் மூன்றும் சேர்ந்தால் நிறம் தெரியாமலே பாதிப் பறவைக்குப் பெயர் வந்துவிடும்.

தேன்சிட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முருங்கை பூத்திருந்தாலும் செம்பருத்தி பூத்திருந்தாலும் அது வராமல் இருக்காது. எங்கள் பக்கம் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணுக்கு வயிறு மஞ்சள், முதுகு அரக்குச் சிவப்பு. ஊதாத் தேன்சிட்டின் ஆண் முழுக் கருநீலம், வெயில் பட்டால் மயில் கழுத்தாக மின்னும். இந்த இரண்டாவது ஆண் மழைக்காலத்துக்குப் பின் தன் பளபளப்பை இழந்து, பெண்ணைப் போல மஞ்சளாகி, மார்பு நடுவில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் வைத்துக்கொண்டு திரியும். தை மாசிக்குள் மறுபடி முழு நீலத்துக்கு வந்துவிடும். ஒரே செம்பருத்திச் செடியில் கோடு போட்டதையும் முழு நீலத்தையும் அடுத்தடுத்த வாரங்களில் பார்க்க நேர்ந்தால், அது இறகு மாற்றுகிற அதே பறவையாக இருக்கலாம்.

ஊதாப்பிட்டத் தேன்சிட்டு வருஷம் முழுக்கக் கூடு கட்டும், வீட்டை ஒட்டியே கட்டும். ஒரு நாள் காலை எங்கள் குளியலறை ஜன்னலின் கம்பி மூலையில் பழைய ஒட்டடை தொங்கிக்கொண்டிருந்தது. பெண் சிட்டு ஒன்று அதன் முன்னால் காற்றில் நின்றபடி, அலகால் நூலைப் பிடித்து இழுத்தது. ஒரு இழையும் வரவில்லை. கம்பியில் உட்கார்ந்து தலையை ஒரு சுற்றுச் சுற்றி, ராட்டையில் நூல் சுற்றுகிற மாதிரி அலகில் சுற்றிக்கொண்டு பறந்தது. ஆறேழு தடவை வந்து போயிற்று. ஆண் பக்கத்துக் கிளையில் கத்திக்கொண்டிருந்ததே தவிர ஒரு நூலையும் தூக்கவில்லை. இந்த வகையில் கட்டுவது பெண்தான். சிலந்தி நூலால் நாரைப் பிணைத்து, வெளியே மரப்பட்டைத் துணுக்கும் சருகும் ஒட்டி, உள்ளே எருக்கம் பஞ்சை மெத்தையாக வைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கிளையில் குப்பை தொங்குவது போலத்தான் இருக்கும். அதற்குத்தான் அப்படி. அந்த ஜன்னல் மூலையை அதற்கப்புறம் வீட்டில் யாரும் ஒட்டடை அடிக்கவில்லை.

இனி அந்த நான்காவது குரல்.

செம்பருத்திப் புதருக்கு உள்ளே, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், 'டக்... டக்... டக்' என்று நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி இன்னொரு கிளையிலிருந்து வரும். பறவை கண்ணில் படாது. பத்து நிமிடம் ஆடாமல் உட்கார்ந்தால், இலைகளுக்கு நடுவே மங்கலான பழுப்பில், ஒரு அடையாளமும் இல்லாத சின்னப் பறவை ஒரு கணம் தெரியும். பிளைத் நாணல் கதிர்க்குருவி. கல்கத்தா அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த எட்வர்ட் பிளைத் 1849இல் அறிவியலுக்கு இதை விவரித்ததால் அந்தப் பெயர். எடை சுமார் 12 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை. இது பிறந்தது கிழக்கு ஐரோப்பாவுக்கும் சைபீரியாவுக்கும் இடையே எங்கோ ஒரு புதரில். புரட்டாசிக்குள் இங்கே வந்து, பெரும்பாலும் ஒரே சின்ன இடத்தைப் பிடித்துக்கொண்டு குளிர்காலத்தைக் கழித்து, பங்குனி சித்திரையில் திரும்பப் போய்விடும்.

வலசைப் பறவை என்றதும் நாரையும் வாத்தும் பூநாரையும்தான் நினைவுக்கு வரும். நம் துவைகல்லுக்குப் பக்கத்துப் புதரில் ஆறேழு மாதமாகக் குடியிருக்கிற இந்தப் பழுப்புக் குருவியும் அதே வகைப் பயணிதான் என்பது எனக்கு இன்றைக்கும் மனசை நிறைக்கிற விஷயம். கிளம்புவதற்கு முன்னால் இது நிறையப் பூச்சி தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்க்கும். அதுதான் வழிக்கட்டுச்சோறு. இந்த மாதிரிச் சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் பறந்து, பகலில் எங்காவது இறங்கி இரை தேடிக்கொள்ளும். மாசிக் கடைசியில் புதருக்குள் சுறுசுறுப்பு கூடியிருப்பதாகத் தோன்றினால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னும் சில விருந்தாளிகள் உண்டு. ஏரிக்கரை மரங்களில் கூட்டம் கூட்டமாக, மைனா அளவில், தலை கறுப்பும் உடம்பு ரோஜா நிறமுமாக வருவது சோளக்குருவி. பூத்த இலவ மரமும் கல்யாண முருங்கையும் இருந்தால் தோட்டத்துக்கே வந்து தேன் குடிக்கும், முகமெல்லாம் மகரந்தப் பொடியோடு. மாசி பங்குனியில் ரோஜா நிறம் இன்னும் கெட்டியாகும், அப்புறம் ஒரு நாள் மொத்தக் கூட்டமும் மத்திய ஆசியப் பக்கம் கிளம்பிவிடும். மாங்குயில் மஞ்சளாக ஒரு கோடு போல மரம் விட்டு மரம் போகும். நிழல் உள்ள தோப்புகளில் அரசவால் ஈப்பிடிப்பான் கிடைக்கலாம். வெள்ளை நாடா மாதிரி நீள வாலோடு ஆண் பறக்கிறதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

இத்தனையும் பார்த்தால் போதுமா என்றால், எழுதியும் வைக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், பனியா வெயிலா, அதற்குக் கீழே பறவையின் பெயரும் எண்ணிக்கையும். எண்ணிக்கை முக்கியம். 'மைனா' என்று மட்டும் எழுதுவதற்கும் 'மைனா 4' என்று எழுதுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரே கொண்டைக்குருவி ஜோடி நாலு முறை வந்து போனால் எட்டு என்று எழுதக் கூடாது, இரண்டுதான். குரல் மட்டும் கேட்டால் அதையும் சேர்க்கலாம், சந்தேகம் இருந்தால் சேர்க்க வேண்டாம். காகம், மைனா எல்லாம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினால்தான் அது முழுப் பட்டியல். முழுப் பட்டியலாக இருந்தால்தான் எழுதாத பறவை அன்று அங்கே உங்களுக்குத் தென்படவில்லை என்று பின்னால் படிக்கிறவருக்கு உறுதியாகத் தெரியும்.

இந்த நோட்டு உங்களோடு நின்றுவிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இ-பேர்ட் என்ற தளத்தில் யாரும் தங்கள் பட்டியலைப் பதியலாம், கைபேசியிலேயே முடியும், காசு கிடையாது. அதே ஆய்வகம் ஆடுபான் என்ற அமெரிக்கப் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தோடு சேர்ந்து 1998இல் தொடங்கிய வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு 2013 முதல் உலகம் முழுக்க நடக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாட்கள், அதாவது நம் மாசிப் பிறப்பை ஒட்டி. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்துப் பட்டியல் போட்டால் போதும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையிலும் இதே போல ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. கரும்பு கடித்துக்கொண்டே பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யலாம்.

'என் வீட்டு முருங்கையில் இருந்த மூன்று மைனாவைப் பதிந்து என்ன ஆகப்போகிறது' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023இல் வெளிவந்த அறிக்கை 942 வகைப் பறவைகளை அலசியது. அதற்கு அடிப்படை, சுமார் 30,000 பேர் பதிந்த சுமார் 3 கோடிப் பதிவுகள். அதில் பெரும்பகுதி சாதாரண மனிதர்கள் போட்ட பட்டியல். குயில் நாடு முழுக்கக் கூடிக்கொண்டு வருகிறது என்பதும், நம் மின்கம்பிகளில் நீல இறக்கையோடு உட்கார்ந்திருந்த பனங்காடை குறைந்துகொண்டு வருகிறது என்பதும் அப்படித்தான் தெரிந்தது. குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, செய்யாறு என்று நம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பட்டியல் போடுகிறவர் ஒருவர் கூடினாலும் அது பெரிய உதவி.

கைபேசியில் மெர்லின் என்ற செயலியும் இருக்கிறது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021இல் வந்தது. நல்ல துணைதான். ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதிவிடாமல், அந்தப் பறவையைக் கண்ணால் ஒரு முறையாவது பார்த்த பிறகு எழுதுங்கள். குண்டுக்கரிச்சான் மற்றவர் குரலைக் கடன் வாங்கும் என்று முன்பே சொன்னேனே. தொலைநோக்கி வாங்குவதானால் 8x42 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம், விடியல் மங்கலிலும் தெளிவாகத் தெரியும். ஒரு மாதம் வெறும் கண்ணால் பார்த்த பிறகு வாங்கினால், எதைப் பார்க்க வாங்கினோம் என்று தெரிந்திருக்கும்.

தண்ணீர் வையுங்கள். வேலூர் வெயிலைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பாலாற்றில் பெரும்பாலான மாதம் மணல்தான். அகலமான மண் தட்டு, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், சிறு பறவை நிற்க நடுவில் ஒரு கல். கொசு முட்டையிடாமல் இருக்கத் தினமும் கொட்டி வேறு தண்ணீர் ஊற்ற வேண்டும். பூனை ஒளிந்திருக்கும் புதரை ஒட்டி வைக்காதீர்கள். காலை ஏழரை எட்டு மணிக்குத் தவிட்டுக்குருவிக் கூட்டம் வரிசை கட்டிக் குளிப்பதை ஒரு தடவை பார்த்தால், தட்டைக் காயவிட மனசு வராது.

கூடு கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். கிட்டே போய்க் கைபேசியில் படமெடுத்தால் தாய்ப்பறவை விலகும், அந்த இடைவெளியில் காகம் வரும். நாம் போட்ட வழியைப் பார்த்தே காகம் கண்டுபிடித்துவிடும். கிளி அழகாக இருக்கிறது என்று பிடித்துக் கூண்டில் வைப்பது 1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பல வீடுகளில் இது தெரியாமலேயே நடக்கிறது. முருங்கையில் வந்து உட்காருகிற கிளியின் கழுத்து வளையத்தைப் பாருங்கள். ஆணுக்குத்தான் அந்த ரோஜாவும் கறுப்பும் கலந்த வளையம், பெண்ணுக்கு அது தெளிவாக இருக்காது. சுதந்திரமாக இருக்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து மரப்பொந்துக்குப் போவதும் பார்க்கக் கிடைக்கும்.

நாளைக் காலை தொடங்கினால், முதல் வாரம் ஐந்தே பறவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் குரலும் நடையும் கண்ணை மூடினாலும் தெரிகிற வரை அந்த ஐந்தோடு இருங்கள். ஆறாவது தானாக வந்து நிற்கும். அப்புறம், செம்பருத்திப் புதரின் அந்த 'டக் டக்' கேட்கிற ஒவ்வொரு நாளும் நோட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். சித்திரையில் ஒரு நாளோடு கோடு நின்றுவிடும். அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுவிட்டு, ஆவணி பிறந்ததும் மறுபடி அதே இடத்தில், அதே நேரத்தில் காது கொடுக்கத் தொடங்குங்கள்.